பெட்டி கப்பலில் வருகிறது

முதல் கேள்விக்கே அண்ணன் வாய் திறக்கவில்லை.

மகளுக்குக் காது குத்த வேண்டும். மூன்று வயது ஆகிவிட்டது. இன்னும் தள்ளிப் போட்டால் பத்தர் கையைத் தட்டிவிட்டு ஓடுகிற வயதுக்கு வந்துவிடுவாள் என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். சிங்கப்பூரிலேயே கோயிலில் வைத்துச் செய்துவிடலாம் என்று முடிவானது. சாப்பாடு, மாலை, பத்தர் எல்லாம் பேசியாகிவிட்டது. பாக்கி இருந்தது பிள்ளையை உட்கார வைக்கத் தாய்மாமன் மடி. அது பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் இங்கே வர விசா வேண்டும். குடிமகனோ நிரந்தரவாசியோ சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு மூலம் நுழைந்து, உறவினருக்காக இணையத்திலேயே விண்ணப்பித்துவிடலாம். கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணனை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். பெயர், பிறந்த தேதி, கடப்பிதழ் எண் எல்லாம் கடகடவென்று போயிற்று. கடைசியில் ஆம், இல்லை என்று குறிக்க வேண்டிய நான்கு கேள்விகள். ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னேன்.

"அண்ணே, எந்த நாட்டுலயாவது உன்னை உள்ள விடாம திருப்பி அனுப்பியிருக்காங்களா, இல்ல நாடு கடத்தியிருக்காங்களா?"

கேட்கும்போதே என் விரல் 'இல்லை' மேல்தான் இருந்தது. பதில் வரவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். அவர் தலைக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நாடு கடத்துறதுன்னா என்ன பாப்பா? போலீஸ் கூட்டிட்டு வந்து ஏத்தி விடுறதா?"

அண்ணன் 1996இல் மலேசியாவுக்குப் போனார். அப்போது அவருக்கு இருபது வயது. 1998இல் திரும்பி வந்தார். நான் நான்காம் வகுப்பு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் என்றால் எங்கள் தெருவில் அதற்கு ஓர் இலக்கணம் உண்டு: கயிறு கட்டிய பெரிய பெட்டி, கோடாலித் தைலம், சட்டைத் துணி, பிள்ளைகளுக்கு மிட்டாய். அண்ணன் ஒரு மஞ்சள் பையோடு பேருந்திலிருந்து இறங்கினார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். "பெட்டி கப்பல்ல வருது" என்றார். ரொம்ப நாள் நான் அதை நம்பினேன். ஆறாம் வகுப்பில், நாகப்பட்டினத்திலிருந்து இப்போது பயணிகள் கப்பலே கிடையாது என்று வாத்தியார் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் கேட்கிற ஆசையும் போய்விட்டிருந்தது.

இருபத்தெட்டு வருடம் கழித்து, விசாப் படிவத்தின் ஒரு கட்டத்துக்காக அந்தக் கதையைச் சொன்னார். சுற்றுலா விசாவில் போய்ச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்திருக்கிறார். விசா முடிந்தும் தங்கியிருக்கிறார். 97, 98இல் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்தது. மலேசியா வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்த நேரம். ஒரு விடியற்காலை கடைக்குப் பின்னால் படுத்திருந்தவர்களை எழுப்பி லாரியில் ஏற்றினார்கள். முகாமில் சில வாரம். பிறகு விமானம். அவருடைய பெட்டி அந்தக் கடையின் மேல்தளத்திலேயே கிடந்துவிட்டது. இதையெல்லாம் எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு போடாம எழுதிக்க" என்றார்.

அன்று படிவத்தை மூடிவிட்டேன். அடுத்த ஒரு வாரம் ராத்திரியில் பிள்ளை தூங்கிய பிறகு சட்டம் படித்தேன். நான் வழக்கறிஞர் இல்லை, கணக்குப் பார்க்கிறவள். அண்ணனைச் சம்மதிக்க வைக்க ஏதாவது கிடைக்குமா என்ற ஒரே நோக்கத்தோடு படித்தேன்.

சிங்கப்பூரின் குடிநுழைவுச் சட்டம் 1959ஆம் ஆண்டுடையது. அதில் 8ஆம் பிரிவுதான் கதவு. 'தடைசெய்யப்பட்ட குடியேறிகள்' யார் யார் என்று அங்கே ஒரு பட்டியல். தன்னையும் தன்னை நம்பியிருப்பவர்களையும் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாதவர், பொதுமக்களுக்குப் பாரமாகக்கூடியவர். தொற்றுநோய் உள்ளவர். எந்த நாட்டிலாவது சிறைத் தண்டனை பெற்றவர். பாலியல் தொழிலில் இருப்பவர், அந்த வருமானத்தில் வாழ்பவர். நாடோடிகள், வழக்கமாகப் பிச்சை எடுப்பவர்கள். வன்முறையால் அரசாங்கத்தைக் கவிழ்க்க வேண்டும் என்று நம்புகிறவர். செல்லுபடியாகும் பயண ஆவணம் இல்லாதவர். தடைசெய்யப்பட்டவரின் குடும்பத்தாரும் பட்டியலில் உண்டு. படிக்கப் படிக்க, சட்டம் படிப்பது போலவே இல்லை. பழைய காலத்துத் துறைமுகத்தில் நின்றுகொண்டு, கப்பலிலிருந்து இறங்கும் ஏழைகளை ஒருவர் மேலும் கீழும் பார்ப்பது போல இருந்தது. சில வரிகள் காலத்தோடு நகர்ந்திருக்கின்றன. எச்ஐவி தொற்று உள்ளவர்கள் குறுகிய காலத்துக்குக்கூட வர முடியாது என்ற நிலை 2015இல் தளர்ந்தது. பிச்சைக்காரர் வரி அப்படியே இருக்கிறது.

எங்களுக்கான வரி கொஞ்சம் கீழே இருந்தது. ஏதாவது ஒரு நாட்டு அரசாங்கத்தால், எந்தக் காரணத்துக்காகவும், திருப்பி அனுப்பப்பட்டவர். அந்தச் சூழ்நிலைகளைப் பார்த்து 'விரும்பத்தகாத குடியேறி' என்று அதிகாரி கருதுபவர்.

இதை இரண்டு முறை படித்தேன். இன்னொன்றும் தெரிந்தது. மலேசியாவின் குடிநுழைவுச் சட்டத்திலும் இதே 8ஆம் பிரிவு, கிட்டத்தட்ட இதே பட்டியல். 1963 முதல் 1965 வரை இரண்டும் ஒரே நாடாக இருந்தபோது பகிர்ந்துகொண்ட சட்டம். பிரிந்த பிறகு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டார்கள், அண்ணன் தம்பி வீட்டைப் பிரித்துக்கொண்டாலும் குத்துவிளக்கு இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி இருப்பது போல.

ஆனால் எனக்குத் தெம்பு கொடுத்தது அந்த வரியின் பின்பாதி. திருப்பி அனுப்பப்பட்டவர் எல்லாரும் தானாகவே தடைசெய்யப்பட்டவர் ஆகிவிடுவதில்லை. சூழ்நிலையைப் பார்த்து அதிகாரி கருத வேண்டும். இருபத்தெட்டு வருடம் முன்பு, இருபத்திரண்டு வயதில், விசா முடிந்து தங்கியதற்காகத் திரும்பியவர். பிறகு ஊரில் உரக்கடை வைத்து, வரி கட்டி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இதைக் கருதினால் ஏன் விடமாட்டார்கள்? உண்மையைச் சொல்லி, விளக்கம் எழுதி, தங்கை வீட்டு அழைப்பிதழை இணைத்து அனுப்பலாம். அண்ணனிடம் இதைச் சொல்லப் பேச்சைத் தயார் செய்தேன்.

அப்புறம் 'கருதுதல்' என்ற அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு போனேன். அங்கேதான் தெம்பு குறைந்தது.

வேறொரு நாட்டுக்குள் நுழைவது யாருக்கும் உரிமை கிடையாது என்பது சட்ட உலகில் நூற்றாண்டுக்கு மேல் பழைய பேச்சு. 1888இல் ஹாங்காங் பக்கமிருந்து 'ஆப்கான்' என்ற கப்பல் மெல்போர்ன் போனது. அதில் சீனர்கள் 268 பேர். சீனர்கள் இறங்கத் தலைக்குப் பத்து பவுண்டு வரி என்று அங்கே சட்டம் இருந்தது. அந்த வரியைக் கட்டத் தயாராக இருந்த ஒருவரை இறங்க விடவில்லை. அவர் வழக்குப் போட்டார், உள்ளூர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 1891இல், பிரிட்டிஷ் காலனிகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் திருப்பிப் போட்டது: பிரிட்டிஷ் மண்ணில் நுழைய அந்நியர் ஒருவர் நீதிமன்றம் மூலம் வலியுறுத்தக்கூடிய உரிமை எதுவும் அவருக்கு இல்லை. அந்தச் சீனருடைய கையில் பணம் இருந்தது, சட்டம் கேட்ட தொகை இருந்தது. அதுவும் போதவில்லை.

1914இல் கோமகாட்டா மாரு. வான்கூவருக்குப் போன கப்பல், 376 இந்தியர்கள், பெரும்பாலும் சீக்கியர்கள். கப்பலை வாடகைக்கு எடுத்த குர்தித் சிங் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்தவர். கனடா 'இந்தியர் வரக்கூடாது' என்று சட்டம் போடவில்லை. பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் ஒரே பயணமாக வந்திருக்க வேண்டும் என்று விதி போட்டது. இந்தியாவிலிருந்து அப்படி நேராகப் போகும் கப்பலே கிடையாது. இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தி வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். காரணம் என்று எழுத்தில் இருப்பதும் காரணமும் எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

என் மாமனாருக்கு எண்பத்து நான்கு வயது. நான் ராத்திரியில் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். அண்ணன் விஷயத்தை மறைத்து, 'சட்டம் சும்மா படிக்கிறேன் மாமா' என்றேன். அவர் 1951இல் ஒன்பது வயதில் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர், மேல்தளப் பயணி. வந்ததும் ஊருக்குள் விடவில்லை, செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கினார்கள். அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்க்க. "கொரண்டீன்ல போட்டாங்க" என்பார் இன்னமும். தீவில் கொடுத்த சோறு நன்றாக இருந்ததாம். அதனால் அவருக்கு அந்த இடத்தின் மேல் கோபமே இல்லை. 1953 ஆகஸ்டு முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, யார் வரலாம் என்பது இறுகியது. "ரெண்டு வருஷம் தாமதிச்சிருந்தா நான் அங்கயே மாடு மேச்சிருப்பேன். நீ என் வீட்டுக்கு மருமகளா வந்திருக்க மாட்டே" என்று சிரித்தார். சிரிப்பதற்கு அவருக்குச் சௌகரியம் இருந்தது.

அவர் சொன்ன இன்னொரு கதை முடி பற்றியது. எழுபதுகளில் இங்கே நீளமுடி வைத்த ஆண்களை அரசு அலுவலகத்தில் கடைசியாகத்தான் கவனிப்பார்கள், சுவரொட்டியே ஒட்டியிருந்தார்கள். வெளிநாட்டவராக இருந்தால் முடியை வெட்டு, இல்லை திரும்பிப் போ. 1972இல் லெட் செப்பலின் இசைக்குழு முடிக்காகவே இங்கே கச்சேரி நடத்த முடியாமல் போனது. 1984இல் ஜப்பானிய இசைக்கலைஞர் கிடாரோவுக்கும் அதே கதி. நான் சட்டத்தின் பட்டியலில் தேடிப் பார்த்தேன். முடி என்ற சொல்லே இல்லை. அவசியமும் இல்லை. பட்டியலில் பிச்சைக்காரர் முதல் புரட்சிக்காரர் வரை எத்தனை வகை இருந்தாலும், 'விரும்பத்தகாதவர் என்று கருதப்படுபவர்' என்ற ஒரு வகை போதும், மீதியெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். எந்த வழியில் கிடைத்த தகவலாக இருந்தாலும் சரி, அதன் பேரில் அமைச்சர் ஒருவரை விரும்பத்தகாதவர் என்று கருதினால் அவர் தடைசெய்யப்பட்டவர். இதுவும் அதே பிரிவில் இருக்கிறது.

பட்டியலுக்குக் கீழே, நிறையப் பேர் கவனிக்காத ஒரு வரி: தான் தடைசெய்யப்பட்டவர் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, நுழைய வருபவருடையது. குற்றவியல் வழக்கில் அரசாங்கம் நிரூபிக்க வேண்டும். இங்கே தலைகீழ். கவுன்டரில் நிற்பவர் தான் பாரமாக மாட்டேன், வேலைக்கு வரவில்லை, திரும்பிப் போவேன் என்று காட்ட வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் அதனால்தான் சட்டைப்பைக்குள் திரும்பும் டிக்கெட்டை அச்சிட்டு வைத்துக்கொண்டு, தங்கும் வீட்டு முகவரியை மந்திரம் போல் முணுமுணுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். புளோக் எண், தெரு, ஏழு மாடி, கதவு எண். பார்த்தால் பாவமாக இருக்கும். அவர்கள் செய்வது சட்டப்படி ரொம்பச் சரி.

சரி, மறுத்துவிட்டால் நீதிமன்றம் போகலாமா? 39ஏ என்று ஒரு பிரிவு. அமைச்சரும் அதிகாரியும் இந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கும் முடிவை, நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதைத் தவிர, நீதிமன்றம் சீராய்வு செய்ய முடியாது. சரியான படிவத்தில் எழுதினீர்களா என்று கேட்கலாம். எழுதியது நியாயமா என்று கேட்க முடியாது.

விசா கையில் இருந்தாலும் இதுதான் நிலை. விசா என்பது வாசல்வரை வர அனுமதி. உள்ளே விடுவது வாசலில் நிற்பவர் முடிவு. 2025 செப்டம்பரில் ஹாங்காங் ஆர்வலர் நேதன் லோ விசாவோடுதான் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினார். விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவர் வருவது நாட்டு நலனுக்கு உகந்ததல்ல என்று உள்துறை அமைச்சு சொன்னது. 2022 மே மாதம் இந்தோனீசியப் போதகர் அப்துல் சொமாட் பாத்தாமிலிருந்து தானா மேரா படகு முனையத்தில் வந்து இறங்கி, அதே நாளில் படகேற்றப்பட்டார். அவர் தீவிரவாதத்தையும் பிரிவினையையும் போதிப்பவர் என்று அமைச்சு விளக்கமான அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கைகளைப் படித்தபோது, நியாயமாகத்தான் இருக்கிறது என்று பட்டது. என் பிள்ளை படிக்கப்போகும் வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கும். இன்னொரு மதத்துப் பிள்ளையோடு சேராதே என்று சொல்லிக்கொடுக்கிறவர் வாசலிலேயே நின்றுவிட்டால் எனக்கு நல்லது. குடியுரிமை வாங்கிய பிறகு இந்தக் கதவு எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் 13ஆம் விதிப்படி குடிமகனை நாட்டைவிட்டு விலக்க முடியாது. நான் கதவுக்கு உள்பக்கம் நிற்கிறேன். பொய் சொல்வானேன்.

பெயர் தெரிந்தவருக்குக் காரணம் அறிக்கையாக வருகிறது, மறுத்துப் பேச உலகமே இருக்கிறது. பெயர் தெரியாதவருக்கு 'தகுதி இல்லை' என்ற அளவில் ஒரு வரி. ஊரில் போய் என்ன சொல்வார்? தெருவில் நிற்கிறவர்கள் அவரவருக்குத் தோன்றிய காரணத்தைப் போட்டு நிரப்பிக்கொள்வார்கள். கஞ்சா, கள்ளப் பணம், பெண் விவகாரம். இந்த இடத்தில்தான் எனக்கு அந்தச் சட்டத்தோடு சண்டை. விடாதே, அது உன் வீடு. ஏன் விடவில்லை என்று அவர் கையில் எழுதிக் கொடுத்து அனுப்பலாம் இல்லையா?

2013 டிசம்பர் 8, தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவில் கலவரம். நான் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பேருந்தில் அடிபட்டு ஒரு தமிழ்த் தொழிலாளர் இறந்ததில் தொடங்கியது. குற்றம் சாட்டி நீதிமன்றத்தில் நிறுத்தியவர்கள் 25 பேர். அவர்களைத் தவிர 57 பேரை நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள், இனி இங்கே வரக்கூடாது என்று. கலவரத்தில் ஈடுபட்டார்கள், கலைந்து போகச் சொல்லியும் போகவில்லை என்றது காவல்துறை. அவர்கள் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அந்த 57 பேரும் இன்று வேறு எந்த நாட்டு விசாப் படிவத்தை நிரப்பினாலும் முதல் கேள்வியில் நிற்பார்கள், அண்ணனைப் போல.

அகதியாக வருபவருக்குச் சர்வதேசச் சட்டம் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தான இடத்துக்குத் திருப்பி அனுப்பாதே என்று. சிங்கப்பூர் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. எங்கள் வீடு இருக்கும் செம்பவாங்கில் ஹாக்கின்ஸ் சாலை என்று ஒன்று உண்டு. 1978 முதல் 1996 வரை வியட்நாம் படகு மக்களின் முகாம் அங்கே இருந்தது. வேறொரு நாடு அழைத்துக்கொள்ளும் என்ற உறுதி கிடைத்தால்தான் இறங்க விடுவார்கள். இது அண்ணன் கதைக்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் அந்தப் பக்கம் பேருந்து போகும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

இதற்கிடையில் அண்ணன் ஊரில் ஒரு முகவரைப் போய்ப் பார்த்திருக்கிறார். "இல்லைன்னு போடுங்க. இருபத்தெட்டு வருசம், அதுவும் வேற நாடு. யாருக்குத் தெரியப் போவுது" என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பொய் சொல்லி அனுமதி வாங்குவது அதே சட்டத்தின் 57ஆம் பிரிவில் தனிக் குற்றம். திருப்பி அனுப்பப்பட்டதைச் சொன்னால் அதிகாரி கருதிப் பார்ப்பார். மறைத்துப் பிடிபட்டால் கருதிப் பார்க்க ஒன்றுமே மிச்சமிருக்காது. முன்பெல்லாம் தலைப்பெழுத்தை மாற்றி, புதுக் கடப்பிதழ் எடுத்துக்கொண்டு வந்துவிட்டவர்களின் கதைகளைக் காப்பிக்கடையில் பெருமையாகச் சொல்வார்கள். 2016இலிருந்து சோதனைச் சாவடிகளில் கட்டைவிரல் ரேகை எடுக்கிறார்கள். இப்போது முகம், கண் கருவிழி எல்லாம். தலைப்பெழுத்து மாறும், கருவிழி மாறாது. 2026 ஜனவரி 30 முதல் இன்னொன்றும் வந்திருக்கிறது. அனுமதிக்க முடியாதவர் என்று முன்கூட்டியே தெரிந்தால் அவரை ஏற்றாதே என்று விமான நிறுவனத்துக்கே உத்தரவு போகும். சாங்கி கவுன்டர் திருச்சி விமான நிலையம்வரை நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு மறுபடி கூப்பிட்டேன். தயார் செய்திருந்த பேச்சை எடுத்துவிட்டேன். பிரிவு எண்ணோடு சொன்னேன். ஆமா என்று போடுவோம், விளக்கம் எழுதுவோம், எனக்குத் தெரிந்து வாய்ப்பு இருக்கிறது. அண்ணன் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"சட்டம் விடும்னே வச்சுக்க. நான் வந்து இறங்குறேன். அங்க ஒரு ஆளு தனியா ரூமுக்குக் கூப்பிடுறான். வெளிய நீ நிக்கிற, மாப்பிள்ளை நிக்கிறாரு, உன் மாமனாரு நிக்கிறாரு. எல்லாரும் வந்துட்டாங்க, உன் அண்ணன் மட்டும் இன்னும் வரலியேன்னு கேப்பாங்க. நீ என்ன சொல்லுவ?"

நான் பதில் சொல்லவில்லை.

"பெட்டி கப்பல்ல வருதுன்னு சொல்லுவியா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருமுறை பேருந்திலிருந்து வெறுங்கையோடு இறங்கியவர் இரண்டாவது முறை இறங்கத் தயாராக இல்லை. அதற்கு எந்தப் பிரிவையும் நான் எடுத்துக்காட்ட முடியாது. விண்ணப்பமே போகவில்லை. எந்த அதிகாரியும் அவரைப் பற்றி எதையும் கருதவில்லை. எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் வரமாட்டார். வீட்டில் நான் உண்மையைச் சொன்னேன், ஒரு பாதியை. அண்ணனால் கடையை விட்டு வர முடியவில்லை, குலதெய்வம் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று. மாமனார் உடனே சரி என்றார். அவருக்கு ஊர் பார்க்க ஒரு சாக்கு.

ஜூன் விடுமுறைக்கு டிக்கெட் போட்டோம். எனக்கு ஓசிஐ அட்டை இருக்கிறது, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வர இந்தியா கொடுப்பது. மகள் இங்கே பிறந்த சிங்கப்பூர்க் குடிமகள், அவளுக்கு இன்னும் எடுக்கவில்லை. ஆகவே இந்திய ஈ-விசா. மறுபடி அதே மேசை, அதே மடிக்கணினி. இந்தத் தடவை பிள்ளை என் மடியில் உட்கார்ந்துகொண்டு விசைப்பலகையைத் தட்டப் பார்த்தாள். இந்தியாவின் படிவம் சிங்கப்பூர்ப் படிவத்தைவிட ஆழமாகத் தோண்டுகிறது. தாத்தா பாட்டி பாகிஸ்தானைச் சேர்ந்தவர்களா? எந்த நாடாவது நுழைய விடாமல் மறுத்ததா, நாடு கடத்தியதா? நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதுண்டா? ஆள்கடத்தல், போதைப்பொருள், நிதி மோசடி? பயங்கரவாதம், உளவு, நாசவேலை, இனப்படுகொலை?

"என்னம்மா கேக்குறாங்க?" என்றாள்.

"நீ யாரையாச்சும் அடிச்சியான்னு கேக்குறாங்க."

யோசித்தாள். "ஆமா. பிளேஸ்கூல்ல."

எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டேன். அனுமதி வந்துவிட்டது.

திருச்சியில் குடிநுழைவு வரிசையில் நான் வெளிநாட்டவர் பக்கம் நின்றேன். நான் பிறந்த அரசு மருத்துவமனை அங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரம். என் பையில் திரும்பும் டிக்கெட் அச்சிட்டு வைத்திருந்தேன், தங்கும் முகவரியும் தனித்தாளில். யாரும் கேட்கவில்லை. அதிகாரி முத்திரை குத்திவிட்டுப் பிள்ளையைப் பார்த்து, "பாப்பாவுக்கு மொட்டையா, காது குத்தா?" என்றார். இரண்டும் என்றேன்.

காது குத்தும்போது அவள் ஊரையே கூட்டினாள். அண்ணன் இரண்டு முழங்கால்களாலும் அவள் காலை இறுக்கிப் பிடித்து, நெற்றியைத் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு, பத்தரிடம் "சீக்கிரம்யா, சீக்கிரம்" என்று கத்தினார். முடிந்ததும் பிள்ளை அவர் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தாள். தாய்மாமன் சீர் வரிசையாக வைத்திருந்தது: பட்டுப்பாவாடை, கம்மல், வெள்ளிக் கொலுசு, பழத்தட்டு, ஏழெட்டு டப்பா இனிப்பு. கடைசியில் சிவப்பில் ஒரு சக்கரப் பெட்டி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

"கப்பல்ல வந்துச்சா?" என்று கேட்டேன்.

"லேட்டா வந்துச்சு" என்றார் அண்ணன்.